காற்றிலிருந்து வட்டுக்கு

பென்சில்வேனியாவின் நிலக்கரி மலைகளுக்கு இடையில் மஹனாய் சிட்டி என்றொரு சிற்றூர். அங்கே மின்சாதனக் கடை நடத்திவந்தவர் ஜான் வால்சன். 1940களின் இறுதியில் புதிதாக வந்த தொலைக்காட்சிப் பெட்டிகளை வாங்கி அடுக்கினார், ஒன்றும் நகரவில்லை. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கிளம்பும் அலைகள் மலையில் முட்டி நின்றுவிட்டன. இரைச்சலும் புள்ளிகளும் மட்டும் காட்டும் பெட்டியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? வால்சன் மலை உச்சியில் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினார். அங்கிருந்து கடைவரை கம்பி இழுத்தார். கடையில் படம் தெரிந்தது. கம்பி போகும் வழியில் இருந்த வீட்டுக்காரர்களும் இணைப்புக் கேட்டார்கள். இது 1948-ல் நடந்தது என்பது அவர் சொன்ன கணக்கு; பிற்பாடு நேர்ந்த தீ விபத்தில் கடையின் பதிவேடுகள் எரிந்துபோயின. அதே 1948 நவம்பரில், நாட்டின் மறுகோடியில், ஆரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸ் என்ற வானொலிக்காரர் ஒரு ஓட்டலின் மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளியிருந்த சியாட்டில் நிலையத்தைப் பிடித்தார். வீட்டுக் கூடத்தில் ஊர் கூடிவிட்டது. கூட்டம் தாங்காமல் அவரும் கம்பியை வெளியே விட்டார்.

கேபிள் டிவி இப்படித்தான் பிறந்தது: ஊருக்குப் பொதுவான ஓர் ஆன்டெனா, அதிலிருந்து இறங்கும் கம்பி, அந்தக் கம்பிக்கு ஒரு கூலி. காற்றில் வராத நிகழ்ச்சியைக் கம்பியில் மட்டும் தருவது பின்னால் வந்த யோசனை. 1972 நவம்பரில் அதே பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரில் ஹெச்பிஓ தொடங்கியது. 1975-ல் செயற்கைக்கோள் வழியே நாடு முழுக்கப் பரவியது. சானல்கள் பெருகின, சந்தாவும் பெருகியது. 1992-ல் வந்த கேபிள் சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. உள்ளூர் நிலையத்தின் ஒளிபரப்பைக் கேபிளில் காட்ட அந்த நிலையத்தின் சம்மதம் வேண்டும் என்றது சட்டம். சம்மதத்துக்கு விலை வைக்கலாம். நிலையங்கள் வைத்தன. ஆகவே இன்று அமெரிக்காவில் கேபிள் சந்தாதாரர் பலருடைய பில்லில் ஒளிபரப்புக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி வருகிறது. கூரைமேல் இலவசமாக வந்து விழும் அதே ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் சானல்களுக்கான விலை அது.

அந்த வரியையும் அதோடு முழுப் பில்லையும் விட்டுவிட்டு, லட்சக்கணக்கான குடும்பங்கள் கூரைக்குத் திரும்பியிருக்கின்றன. அவர்கள் வீட்டில் இருப்பவை நான்கு: ஓர் ஆன்டெனா, ஒரு ட்யூனர், ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி. விளம்பரங்களில் பேசப்படுவது நான்காவது. எனக்கோ மூன்றாவதுதான் முக்கியமாகப் படுகிறது. பார்ப்பதற்குக் கிடைப்பது வேறு, வைத்துக்கொள்ளக் கிடைப்பது வேறு. வைத்துக்கொள்ளும் வசதி எந்த இயற்பியலால் நமக்கு வாய்த்தது, எந்தத் தீர்ப்பால் நிலைத்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

முதலில் அலை. சான் ஃபிரான்சிஸ்கோவின் சுட்ரோ கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1973 முதல் ஒளிபரப்பும் இந்த மூன்றுகால் கோபுரத்தின் உயரம் சுமார் 298 மீட்டர். அது நிற்கும் குன்றையும் சேர்த்தால் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர். தொலைக்காட்சி அலை அனேகமாக நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: கோபுர உயரத்தின் வர்க்கமூலம், கூரை உயரத்தின் வர்க்கமூலம், இரண்டையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். வளிமண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதும் அந்த 4.12-க்குள் அடங்கியிருக்கிறது. 550 மீட்டருக்கு 97 கிலோமீட்டர், 9 மீட்டர் உயரக் கூரைக்கு 12. ஆக, நடுவில் மலை இல்லாவிட்டால் 109 கிலோமீட்டர். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நடுவில் மலை இல்லாத இடம்தான் அரிது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் இருபது முப்பது சானல் வரும், நான்கு வீடு தள்ளி ஒன்றும் வராது. சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது தெரிந்த கதை.

இந்தக் கணக்கை மீறிக்கொண்டும் சில சமயம் அலை வரும். 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்தில் நீண்ட கம்பமும் பூஸ்டரும் வைத்துப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையிலிருந்து கணக்குப்படி 200 கிலோமீட்டர் சொச்சம்தான் எட்ட வேண்டும். தமிழகக் கரை அதைவிடத் தூரம். கடலுக்கு மேல் வெப்பக் காற்றும் குளிர்காற்றும் அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில் அலை அந்த அடுக்குகளுக்குள் வளைந்து வளைந்து அடிவானத்தைத் தாண்டிவிடும். காற்று கலைந்தால் படமும் கலைந்துவிடும்.

அடுத்தது ஆன்டெனாவின் அளவு. வந்து விழும் அலையின் நீளத்தில் பாதியளவுள்ள உலோகக் கம்பி அந்த அலைக்கு நன்றாக இசைந்து அதிரும். யுஹெச்எஃப் பட்டையில் 30ஆம் சானல் 570 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. பாதி அலைநீளம் 26 சென்டிமீட்டர். விஹெச்எஃப் பட்டையில் 12ஆம் சானலுக்கு அது 72 சென்டிமீட்டர். 1920களில் ஜப்பானின் செண்டாய் நகரில் ஷின்டாரோ உடாவும் ஹிதெட்சுகு யாகியும் கண்ட வடிவம்தான் நம் கூரைகளில் நாம் பார்த்துப் பழகியது: அதிரும் ஒரு கம்பி, பின்னால் அதைவிடச் சற்று நீளமான ஒன்று, முன்னால் குட்டையான பல. முன்னால் உள்ளவை அலையைக் கூட்டித் தரும், பின்னால் உள்ளது திருப்பிவிடும். கோபுரம் இருக்கும் திசையில் காது கூர்மையாகும். மற்றத் திசைகளில் மந்தமாகும்.

கடைகளில் 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் மெல்லிய தகடுகளில் பெரும்பாலானவை யுஹெச்எஃப் பட்டைக்கு ஏற்ற அளவில்தான் இருக்கின்றன. ஆன்டெனாவில் டிஜிட்டல், அனலாக் என்ற பேதம் கிடையாது. மின்காந்த அலைக்கு அதற்குள் என்ன ஏறியிருக்கிறது என்பது தெரியாது. ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோவின் கேஜிஓ டிவி திரையில் 7.1 என்று காட்டிக்கொண்டு, நிஜத்தில் 12ஆம் சானலில், விஹெச்எஃப் பட்டையில் ஒளிபரப்புகிறது. தகட்டை ஜன்னலில் ஒட்டியவருக்கு வேறு பல நிலையங்கள் வந்து அந்த நிலையம் வராமல் போவதற்கு இதுவே காரணம். கலிஃபோர்னிய வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளிச்சுவரின் சாந்துப் பூச்சுக்குள் கம்பிவலை இருக்கும். வீடே ஒரு உலோகக் கூண்டாக நிற்கும்போது உள்ளே வைத்த ஆன்டெனா என்ன செய்யும்? வெளியேதான் வைக்க வேண்டும். குடியிருப்புச் சங்கங்கள் அழகு கெடுகிறது என்று தடுத்துப் பார்த்தன. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் பேரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி போட்ட விதி குறுக்கே வந்தது: தன் பொறுப்பில் உள்ள இடத்தில் ஒருவர் தொலைக்காட்சி ஆன்டெனா வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது.

கூரையில் பிடித்ததைக் கூடத்துக்குக் கொண்டுவருவதிலும் இழப்பு இருக்கிறது. நடுவில் ஒற்றைச் செப்புக் கம்பி, அதைச் சுற்றி வெண்நுரை, அதற்குமேல் அலுமினியத் தாளும் பின்னலும், எல்லாவற்றுக்கும் மேல் கறுப்பு உறை. ஆர்ஜி-6 எனப்படும் இந்தக் கேபிளில் 600 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 30 மீட்டர் ஓடினால் 5 டெசிபல் குறையும். கிளம்பிய சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் வந்து சேரும். இரண்டு அறைக்குப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் பாதிக்கும் குறைவு. பூஸ்டர் வைக்கலாம், ஆனால் டிவிக்குப் பின்னால் வைத்துப் பயனில்லை. பூஸ்டர் சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தேதான் பெருக்கும். கேபிளில் நலிந்துபோன சிக்னல் இரைச்சலுக்குள் அமிழ்ந்தபின் பெருக்கினால் கிடைப்பது பெரிய இரைச்சல். ஆன்டெனாவின் கழுத்திலேயே, சிக்னல் தெம்பாக இருக்கும் இடத்திலேயே அதைப் பொருத்த வேண்டும். பலர் இந்த ஒரே காரணத்தால் 'எங்கள் ஏரியாவில் ஒன்றும் வராது' என்று முடிவுகட்டி மறுபடி கேபிளுக்குப் போய்விடுகிறார்கள்.

அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படம் மெல்ல மங்கியது. 2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் முழுச்சக்தி நிலையங்கள் அனலாக்கை நிறுத்தியபின் அந்தப் படிப்படியான மங்கல் போய்விட்டது. டிஜிட்டலில் சிக்னல் இரைச்சலைவிட சுமார் 15 டெசிபல், அதாவது 30 மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தால் படம் துல்லியம். அதற்குச் சற்றே கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும். இன்னும் கொஞ்சம் போனால் கறுப்புத் திரை. காரணம், பிழைதிருத்தம். ஒரு சானலில் நொடிக்கு 32 மெகாபிட் பறக்கிறது என்றால் அதில் படத்துக்கும் ஒலிக்கும் ஆனது 19.39 மெகாபிட்தான். மீதி பெரும்பாலும் காவலுக்கு. 187 பைட் கொண்ட ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 20 பைட் துணைக்கு வரும். வழியில் 10 பைட்வரை சிதைந்தாலும் ட்யூனர் அவற்றைக் கணக்குப் போட்டே மீட்டுவிடும். பதினோராவது பைட் சிதையும்போதுதான் கை விரிக்கும்.

அந்த 19.39 மெகாபிட்டுக்குள் உயர்தரப் படம் எப்படி நுழைந்தது? கிடையாக 1,920, செங்குத்தாக 1,080 புள்ளிகள், நொடிக்கு 30 படம், புள்ளிக்கு 24 பிட் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மெகாபிட் வரும். எழுபது மடங்குக்கும் மேல் சுருக்க வேண்டும். 1990வரை உலகில் உயர்தரத் தொலைக்காட்சி என்று பேசியவர்கள் பெரும்பாலும் அனலாக்கைத்தான் நினைத்தார்கள். ஜப்பான் அந்த வழியில் வெகுதூரம் போயிருந்தது. 1990 ஜூனில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தின் சான் டியேகோ பொறியாளர்கள், வூ பைக் என்பவரின் வடிவமைப்பில், முழுக்க டிஜிட்டலான ஒரு முறையை முன்வைத்ததும் போட்டியின் போக்கே மாறியது.

அவர்களுக்கு ஆயுதமாக இருந்த கணிதம் அதற்குப் பதினாறு ஆண்டுகள் முந்தியது. பெங்களூரில் பிறந்து கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1972-ல் ஓர் ஆய்வுக்கு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனையை விட மனமில்லாமல் வேலையைத் தொடர்ந்தார். அவரது ஆய்வு மாணவர் நடராஜன், சக ஆய்வாளர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் சில பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். தனித்த கொசைன் உருமாற்றம் என்று தமிழில் சொல்லலாம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒவ்வொரு ஜேபெக் படத்திலும், அமெரிக்க ஒளிபரப்பின் எம்பெக்-2 படம் ஒவ்வொன்றிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மூவரின் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இல்லாதது பெரிய குறை.

படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கோலமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 64 எண்கள், ஒவ்வொன்றும் ஒரு புள்ளியின் பிரகாசம். வானத்தின் ஒரு துண்டு என்றால் 64 எண்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். உருமாற்றம் இவற்றை வேறு 64 எண்களாக மாற்றுகிறது: முதல் எண் மொத்தப் பிரகாசம், அடுத்தவை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பவை, கடைசியில் வருபவை மிக நுணுக்கமான ஏற்றஇறக்கங்கள். வானத்துண்டில் முதல் ஓரிரு எண்களில் எல்லாம் அடங்கிவிடும். மீதி பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். நம் கண் நுணுக்கமான ஏற்றஇறக்கங்களில் சிறு பிழைகளைக் கவனிப்பதில்லை. ஆகவே அவற்றை முரட்டுத்தனமாக முழுமையாக்கிப் பூஜ்யமாகவே ஆக்கிவிடலாம். மூலையிலிருந்து கோணல்மாணலாகப் படித்துக்கொண்டு போனால் நீண்ட பூஜ்ய வரிசை கிடைக்கும். 'இங்கிருந்து எல்லாம் பூஜ்யம்' என்று ஒரே குறியில் சொல்லி முடிக்கலாம். இதோடு, முந்தைய படத்திலிருந்து எது எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் அனுப்பும் உத்தியும் சேர்ந்தால் எழுபது மடங்கு சுருக்கம் கைக்கு எட்டிவிடும். சிக்னல் தடுமாறும்போது திரை சதுரம் சதுரமாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சதுரங்கள் இந்தக் கட்டங்கள்தான்.

இங்கேதான் பதிவுப் பெட்டியின் கதை சேர்கிறது. வீட்டில் பதிவுசெய்வது குற்றமா என்ற வழக்கு அமெரிக்காவில் 1976-ல் தொடங்கியது. சோனியின் பீட்டாமேக்ஸ் கருவிக்கு எதிராக யுனிவர்சலும் டிஸ்னியும் வழக்குப் போட்டன. 1984 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்வது நியாயமான பயன்பாடே என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ராஜர்ஸ், தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவுசெய்து பார்ப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அளித்திருந்த சாட்சியத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கு மறுபக்கம் விழுந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலையில்லை.

1999-ல் ரீப்ளே டிவி, டிவோ என்ற பதிவுப் பெட்டிகள் நாடாவுக்குப் பதில் ஹார்டு டிஸ்க்கை வைத்தன. நாடாவில் ஒரு நேரத்தில் எழுதலாம் அல்லது படிக்கலாம். வட்டில் தலை அங்குமிங்கும் தாவும் வேகத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை ஒருபக்கம் எழுதிக்கொண்டே பத்து நிமிடம் முந்தைய பகுதியை இன்னொரு பக்கம் படித்துக் காட்ட முடிந்தது. நேரலையை நிறுத்திவைக்கலாம் என்பது அன்று மாயமாகத்தான் பட்டது. அந்தப் பெட்டிகளுக்குள் எம்பெக்-2 சுருக்கும் சில்லு ஒன்று இருந்தாக வேண்டும்; வந்ததோ அனலாக் சிக்னல். ஆரம்ப டிவோ ஒன்றில் 14 மணி நேரம் கொள்ளும். அதுவும் தரத்தைக் குறைத்தால்தான்.

டிஜிட்டல் ஒளிபரப்பு வந்ததும் அந்தச் சில்லே தேவையற்றுப் போனது. நிலையமே சுருக்கி அனுப்புகிறது. பதிவுப் பெட்டியின் வேலை, வந்து விழும் பிட்டுகளை அப்படியே வட்டில் எழுதுவது மட்டும். எழுதியது நிலையம் அனுப்பியதன் நகல்கூட இல்லை, அதே பிட் வரிசை. தரத்தில் இம்மியும் குறையாது. முழுச் சானலையும் எழுதினால் மணிக்கு 8.7 ஜிகாபைட், அதே அலைவரிசையில் கூடவே வரும் துணைச் சானல்களைக் கழித்து ஒரு நிகழ்ச்சியை மட்டும் எழுதினால் ஐந்தாறு. ஒரு டெராபைட் வட்டில் நூற்றைம்பது மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். மலிவான கணினிக்கும் இது சுமையே இல்லை.

ஆகவே ட்யூனரை டிவியிலிருந்து பிரித்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றியது. சிலிகான்டஸ்ட் நிறுவனத்தின் ஹெச்டிஹோம்ரன் ஒரு சின்னப் பெட்டி. ஒருபக்கம் ஆன்டெனாக் கேபிள், மறுபக்கம் வீட்டு ரூட்டருக்குப் போகும் கம்பி. உள்ளே இரண்டு அல்லது நான்கு ட்யூனர்கள். ட்யூனர் நான்கு என்றால் ஒரே சமயத்தில் நான்கு நிலையங்களைப் பதிவுசெய்யலாம். வீட்டில் உள்ள கணினியோ டிவியோ கைப்பேசியோ எது கேட்டாலும் அதற்கு வைஃபை வழியே அனுப்பிவைக்கும். பதிவை நடத்த பிளெக்ஸ், சானல்ஸ், முற்றிலும் இலவசமான ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்கள் உண்டு. எல்லாம் ஒரே பெட்டியில் வேண்டும் என்பவர்களுக்கு டாப்லோ. விளம்பரங்களை அடையாளம் காணும் மென்பொருளின் வேலையும் சுவையானது: நொடியின் சிறு பகுதிக்கு வரும் வெற்றுக் கறுப்புப் படம், அதே கணத்தின் நிசப்தம், மூலையிலிருந்த நிலைய முத்திரை காணாமல் போவது ஆகிய தடயங்களை வைத்து எங்கே நிகழ்ச்சி நின்றது, எங்கே மறுபடி தொடங்கியது என்று ஊகிக்கும்.

நிகழ்ச்சி நிரலில் மட்டும் ஒரு சிக்கல். நிலையங்கள் அதைக் காற்றிலேயே அனுப்பியாக வேண்டும். ஆனால் கட்டாயம் 12 மணி நேரத்துக்குத்தான். அடுத்த வாரம் வரும் ஆவணப்படத்தை இன்றே குறித்துவைக்க, இரண்டு வார நிரலை இணையத்திலிருந்து வாங்க வேண்டும். பதிவுப் பெட்டிகள் பல கேட்கும் ஆண்டுச் சந்தாவில் பெரும்பகுதி இதற்காகத்தான். பிட்டுகள் இலவசம், அட்டவணைக்குக் காசு.

ஆன்டெனாவில் வராதவை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். இஎஸ்பிஎன், சிஎன்என், ஹெச்பிஓ காற்றில் வராது. பிபிஎஸ் வரும், சூப்பர் பௌல் வரும், கேபிளுக்கோ ஸ்ட்ரீமிங்குக்கோ விற்கப்பட்ட என்எஃப்எல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள்கூட விளையாடும் அணிகளின் சொந்த ஊரில் காற்றில் வரும், லீக்கின் ஏற்பாடு அப்படி. மீதிக்குத்தான் ஸ்ட்ரீமிங் பெட்டி. ரீப்ளே டிவியைத் தொடங்கிய அதே ஆந்தனி வுட்தான் ரோகுவையும் தொடங்கினார். 2008 மே மாதம் வந்த முதல் ரோகு பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் மட்டும்தான் ஓடியது. விளம்பரத்தைத் தாண்டவைத்ததற்காக ரீப்ளே டிவி வழக்குகளில் சிக்கி, அதை வாங்கிய நிறுவனம் 2003-ல் திவாலானது. ரோகுவின் வருமானம் இன்று பெருமளவு விளம்பரத்திலிருந்து வருகிறது. பதிவுப் பெட்டி பார்ப்பவரிடம் கொடுத்த அதிகாரத்தை ஸ்ட்ரீமிங் பெட்டி திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தொழில்நுட்பத்திலும் இரண்டும் எதிரெதிர். கோபுரத்துக்கு ஒரு வீடு பார்த்தாலும் பத்து லட்சம் வீடு பார்த்தாலும் மின்செலவு ஒன்றுதான். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பிட்டுகளை அனுப்ப வேண்டும். பார்ப்பவர் கூடக் கூடச் செலவு கூடும். படத்தைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, இணைய வேகத்துக்குத் தக்க தரத்தில் துண்டுகளைத் தேர்ந்தெடுப்பதால், நேரலை ஆட்டம் காற்றில் வருவதைவிடப் பல நொடிகள் பிந்தியே வந்து சேரும். பக்கத்து வீட்டில் ஆரவாரம் எழுந்தபிறகுதான் நம் திரையில் பந்து எல்லையைத் தொடும். விலையும் கேபிளின் பாதையிலேயே போகிறது. 2017-ல் மாதம் 35 டாலருக்குத் தொடங்கிய யூடியூப் டிவி 2025 ஜனவரியில் 82.99 டாலர். 2025 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பார்வையில் ஸ்ட்ரீமிங்கின் பங்கு 44.8 சதவீதமாகி, காற்றிலும் கேபிளிலும் பார்க்கப்படுவதன் கூட்டுத்தொகையை முதன்முறையாகத் தாண்டியது என்றது பார்வைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம். பதிவுசெய்யும் உரிமை இல்லாத பக்கம் பாதி நாடு நகர்ந்துவிட்டது என்றுதான் அந்த எண்ணை நான் படிக்கிறேன்.

ஆன்டெனாவையும் ஸ்ட்ரீமிங்கையும் இணைக்க ஒருவர் துணிந்து பார்த்தார். போபாலில் பிறந்த செட் கனோஜியா 2012-ல் நியூயார்க்கில் ஏரியோ என்ற சேவையைத் தொடங்கினார். புரூக்ளினில் ஒரு கட்டடம். உள்ளே அடுக்கடுக்காகச் சுற்றுப்பலகைகள். பலகை முழுக்க நாணய அளவில் ஆயிரக்கணக்கான ஆன்டெனாக்கள். மாதம் 8 டாலர் கட்டினால் ஓர் ஆன்டெனா உங்களுக்கே உங்களுக்கு. அது பிடித்ததன் பதிவும் உங்களுக்கென்று தனியாகச் செய்யப்படும். பார்ப்பது இணையம் வழியே. ஒரே ஆன்டெனாவால் எல்லாருக்கும் அனுப்பியிருந்தால் பொறியியல் எளிது, சட்டம் குறுக்கே வரும். வாடிக்கையாளர் தன் சொந்த ஆன்டெனாவில் தன் சொந்தப் பதிவைப் பார்க்கிறார் என்று சொல்வதற்காகவே அத்தனை ஆன்டெனாக்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2014 ஜூன் 25 அன்று ஆறுக்கு மூன்று என்று, இது கேபிள் நிறுவனம் செய்யும் வேலையைப் போன்றதே என்று தீர்ப்பளித்தது. நவம்பரில் ஏரியோ திவால். வால்சன் மலையிலிருந்து கம்பி இறக்கியபோது எந்தச் சட்டமும் குறுக்கிடவில்லை என்பதை நினைக்கும்போது இந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதே சமயம் அது ஓர் எல்லையைத் தெளிவாக்கியது: ஆன்டெனா உங்கள் கூரையில், வட்டு உங்கள் அலமாரியில் இருக்கும்வரை பீட்டாமேக்ஸ் தீர்ப்பு உங்களுக்குக் காவல்.

அந்தக் காவலைச் சட்டத்தைத் தொடாமலே தாண்டிப்போகும் வழி இப்போது வந்திருக்கிறது. ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறைக்கு எஃப்சிசி 2017 நவம்பரில் அனுமதி தந்தது. பொறியியலாகப் பார்த்தால் அருமையான வேலை: ஒரே பெரிய அலைக்குப் பதில் ஆயிரக்கணக்கான சிறு அலைகளில் பிட்டுகளைப் பரப்புவதால், கட்டடங்களில் மோதி எதிரொலித்து வரும் சிக்னலையும் தாங்கும், படச் சுருக்கம் எம்பெக்-2-ஐவிடப் பலமடங்கு திறமையானது. ஆனால் இந்த முறையில் நிலையம் விரும்பினால் ஒளிபரப்பையே பூட்டி அனுப்பலாம். பல நிலையங்கள் பூட்டிவிட்டன. பூட்டிய சானலைத் திறக்கும் சான்றிதழ் இல்லாத ட்யூனருக்குப் பிட்டுகள் வரும், படம் வராது. ஹெச்டிஹோம்ரன் வைத்திருப்பவர்கள் இதை நேரடியாகவே அனுபவிக்கிறார்கள். பொதுச் சொத்தான அலைவரிசையை மக்கள் நலனுக்கென்று உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் நிலையம், அதே மக்களின் வீட்டு வட்டுக்கு நிபந்தனை விதிப்பதை ஏற்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

பழைய முறை, பூட்டில்லாத ஏடிஎஸ்சி 1.0, இப்போதைக்கு ஓடுகிறது. பெரிய 55 நகரச் சந்தைகளில் 2028 பிப்ரவரியோடும், மற்ற இடங்களில் 2030 பிப்ரவரியோடும் அதை நிறுத்திவிட வேண்டும் என்று ஒளிபரப்பாளர் சங்கம் 2025-ல் எஃப்சிசியிடம் மனுக் கொடுத்திருக்கிறது. ஆகவே இன்று இந்த வழிக்கு வருபவர் பணத்தை எங்கே போடுவது என்று யோசித்துப் போட வேண்டும். நல்ல ஆன்டெனா, கழுத்தில் ஒரு பூஸ்டர், தரமான கேபிள்: இவை எந்த முறை வந்தாலும் நிற்கும், அலைக்கு உள்ளே என்ன ஏறியிருந்தாலும் 26 சென்டிமீட்டர்க் கம்பி 26 சென்டிமீட்டர்க் கம்பிதான். தொலைக்காட்சி அலைவரிசையில் ஒரு பகுதி கைப்பேசி நிறுவனங்களுக்கு ஏலம் போனபின் 36ஆம் சானலுக்கு மேலே கைப்பேசிக் கோபுரங்கள் வந்துவிட்டதால், அவற்றின் சிக்னலை வடிகட்டும் பூஸ்டராகப் பார்த்து வாங்குவது நல்லது. ட்யூனர் பெட்டியில் மட்டும் இப்போது அதிகம் செலவழிக்க வேண்டாம், ஏடிஎஸ்சி 1.0 ட்யூனர் மலிவாகவே கிடைக்கிறது. அதில் இன்று பதிவுசெய்யும் கோப்பு எந்தப் பூட்டும் இல்லாத சாதாரண எம்பெக்-2 கோப்பு. வேறு வட்டுக்கு மாற்றலாம், இன்னும் இருபது ஆண்டு கழித்தும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓட்டிப் பார்க்கலாம்.